எலும்புத் தகட்டில் வெட்டிய எழுத்து

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் பாத்திரம் வாங்குகிறவர்கள் கடையை விட்டு இறங்குமுன் தாணுமாலயன் ஆசாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாக வேண்டும். பெயர் வெட்டாத பாத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிற வழக்கம் நம்மவர்களிடம் கிடையாது. கல்யாணம் என்றும் அடியந்திரச் சடங்கு என்றும் வந்தால் ஒரு தெருவின் அண்டா இன்னொரு தெருவில் போய்க் கிடக்கும். பெயர் இருந்தால்தான் அது வீடு திரும்பும்.

கடை வாசலின் இடது ஓரத்தில் சாக்கு விரித்து, சின்னச் சுத்தியலும் அரிசி முனை போன்ற உளியுமாக ஆசாரி உட்கார்ந்திருப்பார். கோட்டாற்றில் நாலாம் கிளாசோடு படிப்பு நின்றுபோனவர். ஆனாலும் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் மூன்றும் அவர் உளிக்குப் பழக்கம்தான். அர்த்தம் தெரியாத எழுத்தையும் வடிவு குலையாமல் வெட்டிவிடுவார். வேலை தொடங்குமுன் சுத்தியலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "தாணுமாலயா" என்பார். அது சுசீந்திரத்துச் சாமியின் பெயர். தெரியாதவர்கள், மனுஷன் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்கிறார் என்று நினைப்பார்கள்.

மற்ற ஆட்கள் மேலாகக் கீறிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். ஆசாரி ஆழமாக வெட்டுவார். புளியும் சாம்பலும் போட்டு முப்பது வருஷம் தேய்த்தாலும் அவர் எழுத்து அழியாது. பாத்திரத்தின் நட்ட நடுவில், வந்தவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில்தான் வெட்டுவார். ஆழம், நடு, இந்த இரண்டையும் அவர் ஒரு விரதம்போலக் காத்துவந்தார். அந்த இரண்டுமே சேர்ந்து ஒரு பெண்பிள்ளையின் காலை ஒடிக்கும் என்று அவர் கனவிலும் நினைத்ததில்லை.

கொல்லம் ஆண்டு 1128, அதாவது 1953, மாசி மாதம் அது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்டோர் கீப்பர் சேஷன் கடைக்கு வந்தார். கோட்டை அக்ரகாரத்துக்காரர். எதையும் நாலு தடவை எண்ணிப் பார்க்காமல் நகரமாட்டார். ஒடிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்க ஆறு எவர்சில்வர் தகடுகள் பம்பாய் வழியாக வந்திருப்பதாகச் சொன்னார். விரல் அகலம், சாண் நீளம். இரண்டு பக்கமும் திருகாணி போக ஓட்டைகள் இருக்கும், நடுவில் வெறும் இடம். சீமைச் சாமான் என்பதால் மாறிப்போகாமல் ஒவ்வொன்றிலும் ஆஸ்பத்திரிப் பெயரின் முதல் மூன்று எழுத்தும் ஒரு நம்பரும் வெட்டித் தரவேண்டும் என்பது அவருடைய தேவை.

ஆசாரி தகட்டைக் கையில் வாங்கினார். முகம் தெரிகிற மாதிரி மினுக்கியிருந்தது. மனுஷ உடம்புக்குள் போய் இருக்கப் போகிற பொருள் என்று கேட்டதும் அவருக்குப் பக்தியே வந்துவிட்டது. வீட்டுக்குப் போய்க் குளித்து, திருநீறு பூசி, புது உளி அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எவர்சில்வர் லேசில் இடம் கொடுக்கிற உலோகமில்லை. ஒரு தகட்டுக்கு அரை நாள் ஆனது. வெறும் இடம் நடுவில் இருந்ததே, அங்கேயே வெட்டினார், குறுக்காக, ஆழமாக. சேஷன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சீர்வரிசைச் சாமான் தோற்றுப்போகும் என்று மெச்சிவிட்டுப் போனார்.

சித்திரையில், பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற முத்தாரம்மாள், கோடை மழையில் சரிவில் வழுக்கி விழுந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், வயது முப்பத்துநாலு. புருஷன் செத்து ஐந்து வருஷம். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போயிருந்தது. அவளை விதுரா வழியாக லாரியில் கொண்டுவந்து இந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் பஞ்சாபகேசன் தகடு வைத்துத் திருகாணி முடுக்கி அனுப்பினார். மூன்று மாசம் போய் எக்ஸ்ரே படத்தில் பார்த்து, கம்பு ஊன்றி மெல்ல நடக்கலாம் என்று உத்தரவும் கொடுத்தார். ஆடி பிறந்து பன்னிரண்டாம் நாள் அவள் திரும்பி வந்தாள். கால் வீங்கி, வளைந்து போயிருந்தது. திறந்து பார்த்தால் தகடு இரண்டு துண்டு.

அன்றைக்குத்தான் ஆசாரி ஆஸ்பத்திரிக்குப் புதுச் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நம்பர் போடப் போயிருந்தார். சேஷனின் மேசைமேல் ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் அந்த இரண்டு துண்டும் கிடந்தன. சேஷன், சாமான் மட்டம் என்று பம்பாய்க் கம்பெனிக்குக் கடிதாசி எழுதிக்கொண்டிருந்தார். டாக்டரோ, சொன்ன பேச்சு கேட்காமல் அவள் மலை ஏறியிருப்பாள் என்று கோபத்தில் இருந்தார். ஆசாரி குனிந்து பார்த்தார். ஒடிந்த கோடு அவருடைய நடு எழுத்தின் மேல்கொம்பில் தொடங்கி, நூல் பிடித்த மாதிரி அதன் வழியாகவே அந்தக் கரைக்குப் போயிருந்தது. வெட்டிய குழியில் துருப்போல ஒரு செம்மஞ்சள் கறை வேறு.

தகட்டை ஒடிக்கிற வித்தை அவருக்குத் தெரியாததா? பித்தளைத் தகட்டில் துண்டு வேண்டுமானால் அவரே குறுக்கே உளியால் ஒரு கோடு இழுப்பார், இரண்டு தரம் மடக்குவார், கோட்டோடு வந்துவிடும். சாலைக் கடைத்தெரு ஜவுளிக்காரர் துணி ஓரத்தில் கத்திரியால் சின்ன வெட்டு ஒன்று கொடுத்துவிட்டுச் சரேலென்று கிழிப்பதும் இதே கணக்குத்தான். தினம் செய்கிற காரியம். அதையே ஒரு பெண்ணின் காலுக்குள்ளும் செய்துவைத்திருக்கிறோம் என்பது அந்தக் கிண்ணத்தைப் பார்க்கும்வரை தோன்றவில்லை.

சேஷன் எழுதுகிற கையை நிறுத்தாமல், அடுத்த செவ்வாய்க்கிழமை வேறு தகடு வைக்கப் போகிறார்கள் என்றார். மிச்சம் ஐந்து இருக்கிறதே, அதில் ஒன்று.

அந்த ஐந்திலும் ஆசாரியின் எழுத்துத்தான் இருந்தது.

வாயைத் திறக்காமல் வெளியே போயிருக்கலாம். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவருக்கு அப்படி ஒரு வழி இருப்பதாகவே படவில்லை. பத்மநாபசாமிக்கு இருந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, நேரே டாக்டரின் அறை வாசலில் போய் நின்றார்.

"டாக்டர் சாமி, அந்தத் தகடு ஒடிஞ்சது சாமான் மட்டம்ங்கிறதுனால இல்ல. அந்தப் பிள்ள நடந்ததுனாலயும் இல்ல. நான் வெட்டின எழுத்துனால ஒடிஞ்சது."

பஞ்சாபகேசன் கண்ணாடியைக் கழற்றினார். நெடிய மனிதர், பேச்சு எப்போதும் கச்சிதமாக இருக்கும். "ஓய் ஆசாரி, எழுத்தோட ஆழம் என்ன? நகக்கீறல் அளவு. எவர்சில்வர் அதுக்கு ஒடியுமா?"

"ஒரே அடியில ஒடியாது சாமி. அடி வைக்க வைக்க தகடு மயிரிழை வளையும், நிமிரும். வழுவழுப்பா இருந்தா அந்த வளைவு நீளத்துக்குப் பரவிப் போவும். குறுக்க ஒரு தடம் இருந்தா அம்புட்டும் அந்தத் தடத்திலேயே வந்து குமியும். அதுவும் நட்ட நடுவுல, எலும்பு விட்டுப்போன இடத்துக்கு நேரயில்லா வெட்டிவச்சிருக்கேன்."

பின்னால் வந்து நின்ற சேஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. வெட்டச் சொன்னவர் அவரல்லவா. "இவர் பாட்டுக்குச் சொல்லிண்டு போறார். நாளைக்கு ஸ்பூன் வளைஞ்சாலும் என் நம்பர்தான் காரணம்பார்" என்று முணுமுணுத்தார்.

ஆசாரி டாக்டர் பக்கமே திரும்பி நின்றார். ஞாயிற்றுக்கிழமை வரை அவகாசம் கேட்டார். அந்த ஐந்தில் எதையும் அதுவரை தொடவேண்டாம், தான் சொல்வதைக் கண்ணால் காட்டுகிறேன் என்றார். டாக்டருக்கு அந்த நிதானம் பிடித்திருக்க வேண்டும். சரி என்றார்.

வெளியே வருகிற வழியில் பெண்கள் வார்டு. ஆசாரி கொஞ்சம் தயங்கி உள்ளே போனார். மூலைக் கட்டிலில் முத்தாரம்மாள், காலை மணல் மூட்டைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, மேல்கூரையை முறைத்தபடி படுத்திருந்தாள். அவர் தான் யார் என்பதையும் தான் செய்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். அவள் முழுவதும் கேட்டாள்.

"என் எலும்புல பேரு வெட்டின தகட்டயா வச்சீக? நான் என்ன அண்ணாச்சி, கல்யாணத்துக்கு இரவல் போற செம்பா?"

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் சிரித்துவிட்டாள். ஆசாரிக்குச் சிரிக்க வரவில்லை. கும்பிட்டபடி நின்றார். முத்தாரம்மாளின் குரல் இறங்கியது.

"அப்ப நான் மலை ஏறினதுனால இல்லைல்லா? டாக்டரு சொன்ன நாளுக்கு முந்தி நான் ஒரு அடி வைக்கல. ஒருத்தரும் நம்பல. அத மட்டும் அவருகிட்ட சத்தமா சொல்லும்."

பிறகுதான் மீதி விஷயம் தெரிந்தது. தோட்டத்தில் காலைப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். தை பத்தாம் தேதிப் பெரட்டில் அவள் இரண்டு காலில் வந்து நின்று சரிவில் ஏறவேண்டும். இல்லையென்றால் செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் புத்தகத்தில் பெயரை அடித்துவிட்டு, தொழிலாளர் லயத்தில் இருக்கிற அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். போக வேறு இடம் கிடையாது. உத்தரவை மீறி நடந்து தானே ஒடித்துக்கொண்டாள் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதிப் போனாலோ, தை வரைகூடக் காத்திருக்க மாட்டார்கள்.

ஆசாரி அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. பாத்திரக் கடைக்காரரிடம் நசுங்கிக் கிடந்த ஓர் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கேட்டு வாங்கி, ஒரே அகலத்தில் பன்னிரண்டு பட்டைகள் அறுத்தார். மூன்று பட்டையைச் சும்மா மினுக்கி வைத்தார். ஒன்பதில் அதே உளியால், அதே எழுத்தை, அதே ஆழத்தில் வெட்டினார். அதில் மூன்றை அப்படியே விட்டார். மூன்றில் எழுத்து மறைகிற வரை உப்புத்தாளால் குறுக்கே தேய்த்தார். கடைசி மூன்றில் நீளவாக்கில் தேய்த்தார். எல்லாம் ஒரே கனம் இருக்கும்படி மற்ற பட்டைகளையும் சீவிக்கொண்டார். அவர் மனைவி உலகம்மை சோறு போட்டுவைத்து மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, "இஞ்ச பாருங்க, தாம்பாளத்த முறுக்கு மாதிரி நறுக்கி வச்சிருக்கியளே, எண்ணெய் காய வைக்கட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குத் திரித் துணியில் மினுக்குப் பொடி தடவிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரியில் ஒடிந்த கை காலுக்குக் கட்டுகிற கட்டைச்சிம்பு செய்கிற தச்சு அறையில், இரும்பு வைஸ் இடுக்கியில் பட்டையைப் பூட்டி ஆசாரி வளைக்க, டாக்டரே எண்ணினார். இந்தப் பக்கம் ஒரு விரல்கடை, அந்தப் பக்கம் ஒரு விரல்கடை, ஒவ்வொன்றும் ஒரே அளவு. எழுத்து இருந்த பட்டைகளில் ஒன்று பன்னிரண்டாம் வளைப்பிலும் இன்னொன்று பதினைந்தாம் வளைப்பிலும் ஒடிந்தன. இரண்டுமே எழுத்தின் வழியாக. மினுக்கியது நாற்பதைத் தாண்டியும் வளைந்துகொடுத்தது. சேஷன் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆசாரி ஒரு சார்பாகக் கையை அழுத்துகிறார் என்று சந்தேகப்பட்டு, அடுத்ததைத் தானே வளைப்பதாக எழுந்து வந்தார். அவர் கையிலும் மூன்றாவது எழுத்துப் பட்டை பதினாலில் போயிற்று. மறுபடி முக்காலியில் போய் உட்கார்ந்தார்.

குறுக்கே தேய்த்த பட்டைகளைப் பார்த்தபோதுதான் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணுக்கு எழுத்தே தெரியாத பட்டைகள் அவை. பளபளவென்றுதான் இருந்தன. ஆனால் இருபத்துநாலு, இருபத்தாறில் ஒடிந்தன. நீளவாக்கில் தேய்த்தவை முப்பத்தெட்டு வரை வந்தன. ஒடிந்த முனையைப் பூதக்கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தார். உப்புத்தாள் போட்ட கண்ணுக்கெட்டாத கீறல்களில் ஒன்றிலிருந்துதான் விரிசல் கிளம்பியிருந்தது.

"கம்பெனிக்காரன் கண்ணாடி மாதிரி மினுக்கி அனுப்பறது ஷோக்குக்குன்னு நெனச்சிண்டிருந்தேன்" என்றார் டாக்டர். "அதுதான் அதுக்குப் பலமா?"

புதுத் தகடு கப்பலில் வர நாலு மாசமாகும். அதுவரை அந்தக் கால் காத்திருக்காது. எலும்பு கோணலாகக் கூடிவிடும். இருக்கிற ஐந்தில் கனமான ஒன்றை எடுத்து எழுத்தை எடுத்துத் தருகிறேன் என்றார் ஆசாரி. கனம் கொஞ்சம் குறையுமே என்று டாக்டர் யோசித்தார். கனம் குறைந்தாலும் தடம் இல்லாமல் இருப்பதே நல்லது என்று ஆசாரி ஒடிந்த பட்டைகளைக் காட்டினார். தன் கைமேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. வெட்டத் தெரிந்த கைக்கு எடுக்கவும் தெரியும்.

ஞாயிறு மாலையும் திங்கள் முழுவதும் அந்த ஒரு தகடுதான். எழுத்து இருந்த இடத்தை மட்டும் தேய்த்தால் பள்ளம் விழும். பள்ளமும் ஒரு தடம்தான். ஆகவே ஓட்டையிலிருந்து ஓட்டை வரை, சரிவு தெரியாமல், நீளவாக்கில் மட்டுமே கையை ஓடவிட்டார். முரட்டுத் தாள், நடுத்தரத் தாள், மாவு போன்ற தாள், பிறகு துணி. மத்தியானம் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டர் பூதக்கண்ணாடியில் பார்த்து, ஒரே ஒரு குறுக்குக் கீறல் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். முரட்டுத் தாளை மாற்றும்போது கை ஒரு தரம் திரும்பியிருக்கிறது. ஆசாரிக்கு அதில் வருத்தமில்லை, சந்தோஷமாகவே இருந்தது. பார்க்கிறவர் இப்படிப் பார்த்தால்தான் செய்கிறவனுக்கு நிம்மதி. முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

துருக் கறையையும் அவர் மறக்கவில்லை. தன்னுடைய இரும்பு உளியின் பொடி குழியில் ஒட்டியிருந்ததால்தான் அது வந்தது என்றார். தட்டார்கள் பொன்னைச் சுத்தம் பண்ணுகிற திராவகத்தில் தகட்டை முக்கினால் எவர்சில்வரை அது தொடாது, இரும்புப் பொடியை மட்டும் தின்றுவிடும். டாக்டர் தம் மருந்து அறையிலிருந்தே அதைக் கொடுத்தார். சாயங்காலம் இரண்டாம் தடவை பார்த்தபோது பூதக்கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, தகட்டைத் தாமே துணியில் சுற்றி வாங்கிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை ஆப்பரேஷன் நடந்தது. ஆசாரி வெளியே வராந்தாவில் நின்று, வாய்க்குள் தாணுமாலயன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆனது. டாக்டர் வெளியே வந்து, நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

தோட்டத்து மானேஜருக்கு எழுதவேண்டிய கடிதாசியில்தான் கொஞ்சம் இழுபறி. முத்தாரம்மாள் மேல் தப்பில்லை என்று எழுதினால், பின்னே யார் மேல் என்று கேள்வி வரும், ஆஸ்பத்திரியின் பெயர் கெடும் என்றார் சேஷன். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், வெட்டினது நான்தான், சாலைக் கடைத்தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் ஆளைக் காட்டுவார்கள் என்றார் ஆசாரி. பஞ்சாபகேசன் பேனாவைத் தாமே வாங்கினார்.

"வெட்டச் சொன்னது நாம, பாக்காம வச்சது நான். மூணு பேர் பேரும் இருக்கட்டும்."

எழுதி முடித்து, வார்டுக்குப் போய், எல்லாருக்கும் கேட்கும்படி அதைத் தமிழில் படித்துக் காட்டினார். முத்தாரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். அவர் படித்தார்.

அதற்குப்பின் அந்த ஆஸ்பத்திரியில் தகடுகளுக்கு நம்பர் பெட்டியில்தான். சேஷன் ஒவ்வொரு தகட்டையும் பஞ்சில் தனித்தனியாகப் பொதிந்து, திருகாணி முடுக்கும்போது ஆயுதம் சறுக்கித் தகட்டில் கீறல் விழுந்தால்கூட ஒதுக்கிவைக்கச் சொல்லி நர்சுகளைப் பாடாய்ப் படுத்தினார் என்று கேள்வி. ஆசாரியும் மாசத்துக்கு இரண்டு நாள் அங்கே போய் உட்கார்ந்து, வருகிற தகடுகளை வெளிச்சத்தில் பார்த்துக் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

மார்கழித் தொடக்கத்தில் படம் எடுத்தார்கள். எலும்பு கூடியிருந்தது. தகடு ஒரு கோணலில்லாமல் முழுசாக இருந்தது. முத்தாரம்மாள் இரண்டு வாரம் கம்போடும் இரண்டு வாரம் கம்பில்லாமலும் ஆஸ்பத்திரி மாடிப்படியில் ஏறி இறங்கப் பழகினாள்.

தை ஒன்பதாம் தேதி கிழக்கேகோட்டையில் அவளைப் பஸ் ஏற்றிவிட வந்த ஆசாரியும் உலகம்மையும், தனியாக அனுப்ப மனமில்லாமல் தாங்களும் ஏறிவிட்டார்கள். விதுராவில் வண்டி மாறி, வளைவுக்கு வளைவு உலகம்மை தலைசுற்றிச் சாமியைக் கூப்பிட, மேலே போய்ச் சேர்ந்தார்கள். அவளுடைய லயத்து அறையில், பாயில், குளிரில் சுருண்டு தூங்கினார்கள்.

காலையில் பெரட்டுக்களத்தில் பனி முழங்கால் மட்டத்துக்கு நின்றது. கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். முத்தாரம்மாள் பெயர் வந்தபோது தலையைத் தூக்கி, அவள் காலைத்தான் முதலில் பார்த்தார்.

"நிக்கியா? ஏறுவியா?"

அவள் முந்தானையை இடுப்பில் செருகினாள். கூடையை முதுகில் மாட்டினாள். கொழுந்து எடுக்கிற பெண்கள் வழிவிட, வலது காலை ஈரப் பாறையில் ஊன்றி, உடம்பு முழுவதையும் அந்தக் காலில் தூக்கி மேலே போனாள். நாலு வரிசை ஏறிய பிறகுதான் திரும்பினாள். பின்னாலேயே ஏற முயன்ற ஆசாரி இரண்டாவது வரிசையில் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நீரு கீழ இறங்கும். வழுக்கும்" என்றாள்.

கணக்கப்பிள்ளை செக்ரோலில் அவள் பெயருக்கு நேரே ஆஜர் என்று கோடு போட்டுவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.